பழைய குழியின் மூச்சு

கல் தண்ணீர் குடிக்கும்போது சத்தம் வரும். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன. சேலத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் கல்லை ஊறவைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

ஷேல் என்று ஒரு பாறை. சேறு படிந்து படிந்து, ஏடு ஏடாக இறுகிக் கல்லானது. அதன் உடம்புக்குள்ளேயே எண்ணெய் இருக்கிறது. எண்ணெய்க்காக எங்கோ ஆழத் துளைத்தவர்கள் அந்தப் பாறையை உருளை உருளையாக எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். நான் அதைக் கண்ணாடிக் குடுவைக்குள் நிற்கவைத்து, தண்ணீர் ஊற்றி மூடிவிடுவேன். குடுவையின் கழுத்து ஒடுக்கமாக, அளவுக்கோடு போட்டு மேலே நீண்டிருக்கும். தண்ணீர் கல்லுக்குள் ஊறும். ஊறிய அளவுக்கு எண்ணெய் வெளியே வந்து, பொட்டுப் பொட்டாக மேலேறிக் கழுத்தில் சேரும். எவ்வளவு வந்தது, எவ்வளவு உள்ளேயே தங்கிவிட்டது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முழுக் கல் லேசில் கொடுக்காது. சரியான கல்லுளிமங்கன். அதையே அழுத்தி விரிசல் விடவைத்து ஊறப்போட்டால், தண்ணீர் நாலா பக்கமும் உள்ளே புகுந்து எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரும். அதற்காக விரிசலைப் பெரிதாக்கிவிட்டாலும் கெட்டது. தண்ணீர் அந்த வழியே வந்து அந்த வழியே போய்விடும். உள்ளே இருப்பதை ஏறெடுத்தும் பார்க்காது. மயிரிழை விரிசலும் பொறுமையும் வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது என்பது வேறு கதை. கல்லைத் திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பேன்.

சில கல் நாம் அழுத்தாமலே வெடிக்கும். தண்ணீர் பட்டு உள்ளிருக்கும் களிமண் உப்பி, தானே விரிசல் விடும். 'டிக்' என்று கேட்கும். தராசு ஆடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியிருப்போம். மதிய நேரம், ஆள் கிடையாது, அறை கொதிக்கும். அந்தச் சத்தம் வரும். கொஞ்ச நேரம் கழித்து, அதுவரை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு பொட்டு எண்ணெய் மெல்ல வெளியே வந்து கல்லை ஒட்டிக்கொண்டு நிற்கும். காரணம் எனக்கு அத்துப்படி. இருந்தும் பிடரி மயிர் நட்டுக்கொள்ளும். யுகயுகமாக உள்ளே கிடந்தது, கூப்பிட்டதும் வருகிறதே.

அப்படி ஒரு மதியத்தில்தான் மோகனூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அக்கா போன் செய்தாள். தங்கச்சி என்னை அவள் 'சாமி' என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவாள்.

"சாமி, வேலையா இருக்கறயா?"

"சொல்லுங்க்கா."

"போர்ல தண்ணி நூலாட்டம் வருது. கரும்பு பூராக் காயுது. போர் போடற ரிக் அண்ணன் வந்து பாத்துப்போட்டு, உள்ள பிரஷர் குடுத்துப் பாறைய ஒடைச்சா ஊத்துக்கண்ணு தொறக்கும்கறாரு. ஒடைக்கலாமா?"

"தாராளமா ஒடைக்கலாங்க்கா. நம்மூருப் பாறைக்கு அதுதான் வழி."

கரும்புக்காட்டில் காற்று அடிப்பது மட்டும் கேட்டது.

"அப்ப உங்க மாமா?" என்றாள்.

இதை நான் யோசிக்கவே இல்லை.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். கொரோனாவில் போனவர். சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வாசலோடு அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைய விதி அப்படி. அதன்பிறகு அவள் அவரைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் ஒருவருக்கு உயிர் இழுத்துக்கொண்டிருந்தால், பெண்டாட்டி பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றுவார்கள். அதை வாங்கிக்கொண்டால்தான் மூச்சு நிம்மதியாக அடங்கும் என்பார்கள். அக்காவுக்கு அது வாய்க்கவில்லை. அவளுக்குக் கிடைத்தது வாய் கட்டிய ஒரு சின்னக் கலயம். உள்ளே சாம்பல்.

சாம்பலை மோகனூரில் காவேரியில் கரைக்க வேண்டும். படித்துறையை அடைத்துவைத்திருந்தார்கள். சாவுக் கலயத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று தோட்டத்து வேப்பமரத்தில் தொங்கவிட்டார்கள். சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் அந்த மரம்தான். காற்றடித்தால் கலயம் ஒரு சுற்றுச் சுற்றி, பிரிந்து மறுபடி திரும்பும். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே சோறாக்கினாள். பிள்ளைகள் இல்லாத வீடு. ஒருநாள் தாங்கமாட்டாமல் மரத்திலிருந்து கலயத்தை இறக்கி, தோட்டத்தில் தண்ணீர் வராமல் கைவிட்ட பழைய போர்க்குழியில் சாம்பலைக் கொட்டிவிட்டாள். உறம்பரை சொந்தங்களிடம், விடிகாலையில் தானே ஆற்றில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

"காவேரி அக்கட்டால, பக்கத்துலதான இருக்குது. அடியில எல்லாத் தண்ணியும் ஒண்ணுதான சாமி," என்று அன்றைக்குச் சொன்னாள். அழுதுகொண்டிருந்தவளிடம் நான் என்ன பாடமா எடுக்க முடியும்?

ஆனால் அடியில் எல்லாத் தண்ணீரும் ஒன்று இல்லை. எங்கள் ஊர்ப் பாறை ஷேல் மாதிரி கிடையாது. அதன் உடம்பில் சொட்டு ஈரம் இருக்காது. இருக்கிற தண்ணீரெல்லாம் வெடிப்புகளில்தான். துளை போய் வெடிப்பில் விழுந்தால் தண்ணீர், விழாவிட்டால் வெறும் கல்மாவுதான் மேலே வரும். அதைப் 'புகை' என்பார்கள். அந்தப் பழைய குழி, மாமா ஆசையாக முதலில் போட்டது. புகைதான் வந்தது. மனிதர் தலைமுதல் கால்வரை வெள்ளையாக நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பிறகு கூப்பிடு தூரத்தில் இன்னொன்று போட்டார். அதில் தண்ணீர் வந்தது. அது வற்றித்தான் இப்போது இந்தப் பேச்சு. அதை உடைத்தால் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடும் என்று எவராலும் சொல்ல முடியாது. பழைய குழிவரை ஓடினாலும் ஓடும். ஓடினால், மாமா கிடக்கிற குழியும் அக்கா குடிக்கிற குழாயும் ஒன்றாகிவிடும்.

"நேர்ல வாரேங்க்கா," என்று போனை வைத்தேன்.

மறுநாள் நாமக்கல் போய், மோகனூர் பஸ் பிடித்து, இறங்கி நடந்தபோது உச்சி வெயில். அக்கா காப்பித்தண்ணி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கையைப் பிடித்து நேரே பழைய குழிக்கு இழுத்துப் போனாள். முழங்கால் உயரத்துக்கு இரும்புக் குழாய், அதற்கு ஒரு மூடி, மூடியின் நடுவில் விரல் நுழைகிற ஓட்டை. என் உள்ளங்கையை அந்த ஓட்டைமேல் வைத்தாள்.

காற்று வந்தது. சில்லென்று, ஒரே சீராக, கீழிருந்து. அந்த வெயிலில் அந்தக் குளிர் பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். ஈரக்கல் வாசனை. அதற்குள் அணைந்த அடுப்பின் வாசனையும் கொஞ்சம் இருந்தது, அல்லது இருப்பதாக எனக்குப் பட்டது.

"மத்தியானம் மூச்சு உடுவாரு. பொழுதெறங்க இழுத்துக்குவாரு. சேலைத் தலப்பப் புடிச்சா உள்ள இழுக்கும், பாக்கறயா?" என்றாள் அக்கா. அவள் குரலில் பயமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இது காத்தழுத்தங்க்கா. பகல்ல வெளிய அழுத்தம் கொறையும், உள்ள இருக்கற காத்து வெளிய வரும். பொறவு ஏறும், உள்ள போகும். பாறைக்குள்ள காஞ்ச வெடிப்பு இருந்தா எல்லாக் குழியும் இப்படித்தான்."

"புகை வந்த குழியில வெடிப்பேதுன்னு நீதான சொல்லுவ?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "தண்ணி இல்லாத வெடிப்பு இருக்கும்" என்று முணுமுணுத்தேன்.

"செரி. அப்ப காக்கா?" என்றாள். அமாவாசைக்கு அமாவாசை அந்தக் குழியோரம் இலை போட்டுச் சோறு வைக்கிறாளாம். காக்கைகள் கரண்ட் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து பார்க்கின்றனவாம். ஒன்றுகூட இறங்கி வருவதில்லையாம். பக்கத்துத் தோட்டத்தில் வைத்தால் பறந்து போய்த் தின்கின்றன. காக்கை தொடாவிட்டால் செத்தவருக்கு ஏதோ குறை என்று அர்த்தம். காற்றழுத்தத்தில் அதற்குப் பதில் கிடையாது.

அக்கா குழாய் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "போகவும் மாட்டாம, இருக்கவும் மாட்டாம கல்லுக்குள்ள மாட்டிக்கிட்டாரு. நான்தான் போட்டு அடைச்சுப்போட்டேன். ஆத்துல உட்டுருந்தா இந்நேரம் கடலு சேந்திருப்பாரு. நீ கல்லு படிச்சவ. ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஒடைச்சா இவரு அந்தப் போருக்கு வருவாரா, மாட்டாரா?"

"தெரியாதுங்க்கா. வெடிப்பு நாம சொல்ற பக்கம் போகாது. வந்தாலும் வரலாம்."

அவள் கரும்பைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள். "ஒடைக்கச் சொல்லு" என்றாள். கரும்புக்காக மனதைக் கல்லாக்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கச் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். இவ்வளவுதான் என் புத்தி.

ரிக் அண்ணன் எங்கள் பங்காளி வகையறா. திருச்செங்கோட்டுக்காரர். ஊர் ஊராகத் துளை போட்டே தலை நரைத்தவர். பிரஷர் வண்டியோடு அவர் வந்த அன்று நானும் லீவு போட்டுவிட்டு வந்து நின்றேன். தண்ணீர்ப் போருக்குள் ரப்பர் அடைப்பை இறக்கி, பாதியில் உப்பவைத்து இறுக்கினார்கள். அடைப்புக்குக் கீழே தண்ணீரை அடித்து ஏற்ற, வண்டியில் இருந்த முள் மெல்ல மேலேறியது. ஏறி, நின்று, நடுங்கி, மறுபடி ஏறியது. ஒரு கட்டத்தில் தொப்பென்று விழுந்தது. காலுக்கடியில் ஏதோ புரண்டு படுத்த மாதிரி ஒரு அசைவு.

"பாறை உட்டுக்குடுத்துருச்சுங்க!" என்று அண்ணன் கை தட்டினார்.

அவர் தட்டிய கை கீழே இறங்குவதற்குள் பழைய குழி கத்தியது.

வேறு எப்படிச் சொல்ல? மூடி படபடவென்று அடித்துக்கொள்ள, அந்த விரல் ஓட்டை வழியாக ஒரு குரல் கிளம்பியது. மெலிசாக ஆரம்பித்து, தடித்து, கம்மி, மறுபடி மெலிந்து, நீண்டுகொண்டே போனது. கரண்ட் கம்பியில் இருந்த காக்கைகள் ஒட்டுமொத்தமாக எழும்பின. வண்டி ஆட்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுத் தள்ளிப் போனார்கள். அக்கா மட்டும் நடந்து போய்க் குழாய் பக்கத்தில் நின்றாள். வெளியே வந்த காற்றில் அவள் முன்தலை மயிர் பறந்தது. குரல் அடங்கும்வரை அங்கேயே நின்றாள்.

ரிக் அண்ணன் முகத்தில் ஈ ஆடவில்லை. "எத்தனையோ காட்டுல பண்ணியிருக்கறேன். இப்படிக் கொரலெடுத்து அழுத குழி கெடையாதுங்க அம்மிணி. என்னத்தைப் போட்டு வெச்சிருக்கீங்க அதுல?"

"காத்துங்கண்ணா. ரெண்டுக்கும் வழி உழுந்துருச்சு. இங்க தண்ணி தள்ளவும் அங்க காத்து வெளிய வருது," என்றேன். சொன்னது அத்தனையும் உண்மை. அந்த மூடிப் பக்கம் நான் போகாததும் உண்மை.

மோட்டாரைப் போட்டார்கள். தண்ணீர் வந்தது. கை தடிமனுக்கு, கொழகொழவென்று, சாம்பல் நிறத்தில். கல்மாவு, ஓடஓடத் தெளிந்துவிடும் என்று அண்ணன் சொன்னார். வெடிப்பு விட்டால் அப்படித்தான் வரும், எனக்கும் தெரியும். அக்கா ஒரு பாட்டிலில் அதைப் பிடித்து, மூடி, முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"மிசின்ல வெச்சுப் பாரு. வந்துருக்காரா இல்லையான்னு சொல்லு. எனக்கு நோகுமேன்னு மாத்திச் சொல்லீராத சாமி."

பஸ்ஸில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டேன். பையில் போட மனம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அடியில் சாம்பல் நிறமாகப் படியும். மேடு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டதும் குபீரென்று எழும்பிப் பாட்டில் முழுக்கச் சுழலும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "என்னதுங்க அது, கேவுருக் கஞ்சியா?" என்று கேட்டார். "தண்ணிங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிக்கெட் ஒன்றுதானா என்று கண்டக்டர் கேட்டபோது, மடியைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஒன்று என்றேன்.

மறுநாள் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். உடைந்த கண்ணாடி மாதிரி கூர்கூராகக் கல்துகள். பளபளவென்று மைக்கா ஏடு. வெந்த எலும்பாக இருந்தால் மங்கலாக, துளைத் துளையாக இருக்கும். அப்படி ஒன்றைத் தேடினேன். சொட்டுச் சொட்டாக மாற்றி, பாட்டில் காலியாகும்வரை தேடினேன். ஒன்றுகூட இல்லை. அப்பாடா என்று இருந்தது. உடனே போன் போட்டேன்.

"அக்கா, வெறும் கல்மாவுங்க. மாமா வரல. நீங்க தைரியமாக் குடிக்கலாம்."

அந்தப் பக்கம் ஒரு கேவல்.

"வரலையா?"

"ஒரு துளிகூட இல்லீங்க்கா."

"வெடிச்சா வந்துருவாருன்னு நெனைச்சேனே சாமி. வந்தா அந்தத் தண்ணியக் கொடத்துல புடிச்சுக்கொண்டு போயி ஆத்துல ஊத்திப்போடலாம்னு இருந்தேனே. அந்த அழுகை அழுதாரே, அப்பவும் வரலையா? இன்னும் அங்கயேதான் இருக்காரா?"

மாமா வந்துவிடக் கூடாதே என்று அக்கா பயப்படுகிறாள் என்று அத்தனை நாள் நினைத்திருக்கிறேன். அவள் அவரை வெளியே எடுக்கத்தான் பாறையை உடைக்கச் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். "உட்ட வெடிப்பு பெருசுங்க்கா. தண்ணி அந்த வழியிலயே ஓடி வந்துருது. அவரு அடியில சேறாட்டம் படிஞ்சு கெடப்பாரு, அவரத் தொட்டே இருக்காது. ஒடைச்சு எடுக்க முடியாது. மெல்ல ஊறணும். ஊறுனா உட்டுவரும்." குடுவைகளைப் பார்த்துக்கொண்டே பேசியிருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகளிடம் சொல்கிற அதே வாக்கியம், வாயில் வந்துவிட்டது.

"ஊறணுமா?" என்றாள். அழுகையை நிறுத்திவிட்டாள்.

மறுநாளிலிருந்து ஊற்ற ஆரம்பித்தாள். மத்தியானம் குழி மூச்சு விடுகிற நேரம் பார்த்துப் போய், மூடியைக் கழற்றி, ஒரு சொம்புத் தண்ணீரைத் தன் கையால் விளிம்போரமாக மெதுவாக விடுவாளாம். பிறகு புதுத் தண்ணீர் வரும் பைப்பைக் கொஞ்ச நேரம் குழிக்குள் விட்டுவிட்டு, கரும்புக்குத் திருப்புவாளாம். கரும்பு தேறிக்கொண்டது. வைகாசியில் மழையும் பிடித்தது. போனில் பேசும்போதெல்லாம், "எளைச்சுட்டே வர்றாரு" என்பாள். "மூச்சுல முன்னாட்டம் வேகமில்ல. சித்தெ உட்டு, சித்தெ நிறுத்தி." நான் ம் கொட்டுவேன். அவள் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து குடுவைகளுக்கு நடுவில் உட்கார்ந்தால், எந்தக் கல் எப்போது 'டிக்' என்னுமோ என்று தோள் இறுகிப்போகும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நாட்களில் தராசு ஆடினால் ஆடட்டும் என்று மின்விசிறியைப் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு மதியம் போன். அக்கா குரல் சுத்தமாகத் தெளிந்திருந்தது.

"சாமி. இப்பத்தான் ஊத்துனேன். தலப்பப் புடிச்சுப் பாத்தேன். ஒரு தடவை வெளிய தள்ளுச்சு. அப்பறம் இல்ல. ரொம்ப நேரமா உக்காந்துக்கிட்டே இருக்கறேன். இல்ல."

குழியில் தண்ணீர் ஏறிவிட்டது. காற்று போய்வந்துகொண்டிருந்த வெடிப்பு முழுகிவிட்டது. மழையால் இருக்கலாம், அவள் ஊற்றியதால் இருக்கலாம், சேறு அடைத்திருக்கலாம். காரணமெல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அன்னிக்குச் சேலத்துல, எப்பப் போனாரு, எப்படிப் போனாருன்னுகூட எனக்குத் தெரியாது," என்றாள் அக்கா. "இன்னிக்கு என் கையில தண்ணி வாங்கிக்கிட்டுத்தான் போயிருக்காரு. பக்கத்துலயே இருந்தேன் சாமி. காக்காகூட எறங்கி வந்து குழாய் மேல உக்காந்துருக்குது."

"சரிங்க்கா" என்றேன்.

"நானு தண்ணி வாத்துக்கப் போறேன். நீயும் போயித் தலைக்கு ஊத்திக்க. ஒறமொறை சாவு, அப்படியே இருக்கக் கூடாது."

குடுவைகளை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். எங்கே போகிறீர்கள் என்று வாசலில் கேட்டவர்களிடம், வீட்டில் ஒரு சாவு என்றேன். வெயிலில் டவுன் பஸ் பிடித்து சூரமங்கலத்து வீட்டுக்குப் போய், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். தலை துவட்டும்போதுதான் மாமாவுக்காக அழுதேன், முதல்முறையாக.